அப்பா மூடாத டிசைன்கள்

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். மழை ஆசை காட்டிவிட்டுத் தாமல் ஏரிப் பக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வீடியோவில் நேர்காணல். கோவையில் ஒரு பதிப்பகம், உதவி ஆசிரியர் வேலை. தோழி எஸ்தரை வீடியோவில் அழைத்து ஒத்திகை பார்த்தேன். பேசத் தொடங்கியதும் படம் உறைந்தது, என் வாய் பாதி திறந்தபடி.

"பல்லி மாதிரி கீறேடி" என்றாள்.

அப்பாவும் நானும் பகிரும் கணினி; ராம் நினைவகம் போதவில்லை போல. எட்டு ஜிபி. பதினாறாக்க வேண்டுமோ?

ஜூலை 9, புதன்

இரண்டு புத்தகம் எடுத்தேன். இரண்டிலும் முதல் பக்கம் தாண்டவில்லை. ராம் வாங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். கணினியில் புடவை டிசைன் போட்டுக்கொண்டே, திரும்பாமல்: "எனக்கு நல்லாத்தான் ஓடுது. நீ போயிட்டா எதுக்கு அவ்ளோ?"

போயிட்டா. வேலை கிடைக்கும் என்கிறாரா, கிடைக்க வேண்டாம் என்கிறாரா? துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி.

ஜூலை 10, வியாழன்

எஸ்தர் நேரிலேயே வந்தாள். ஏனாத்தூர் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவள். "ராம் அப்புறம்டி. மொதல்ல மெமரிய எது துன்னுக்கினு இருக்குதுன்னு பாப்போம்."

பார்த்தாள், சிரித்தாள். அப்பாவின் டிசைன்கள். ஒன்றன் அடியில் ஒன்று, சித்திரையிலிருந்து திறந்தபடியே. யாளி, மாங்காய், ருத்திராட்சக் கரை. எதையும் மூடவில்லை. கணினியை அணைப்பதும் இல்லை, தூங்க மட்டும் வைக்கிறார்.

"ஏன் அங்கிள் மூடல?"

"தறிய காலியா வுடுவாங்களாமா? பழைய பாவு நூல் நுனியிலதான் புதுசப் பிணைப்போம்."

"அது தறி. இது பொட்டி."

"ரெண்டும் சோறு போடுதில்ல?"

"சரி, ஒண்ணே ஒண்ணு தொறந்து இருக்கட்டும்."

அப்பா ஒவ்வொன்றாகச் சேமித்து மூடினார். யாரையோ பஸ் ஏற்றிவிடுவது போல. யாளியை மட்டும் விட்டுவைத்தார். கணினி பறக்கிறது. ராம் வேண்டாம்.

நேர்காணல் சொதப்பினால் பழி போடவும் இனி எதுவும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். படம் உறையவில்லை. அவர்கள் கொடுத்த கட்டுரையைத் திருத்தினேன்; அவர்களுக்குப் பிடித்திருந்தது போல. கடைசிக் கேள்வி, எப்போது சேர முடியும்? கதவுக்கு வெளியே அப்பாவின் நடை நின்றது.

"ஒண்ணாம் தேதி" என்றேன்.

அழைப்பு முடிந்ததும் உள்ளே வந்து கணினி முன் உட்கார்ந்தார். யாளிக்கு மேல் புது டிசைன் ஒன்றைத் திறந்தார். பிறகு யாளியை மூடினார்.

"இப்டித்தானே? நீ அங்க போயிட்டா யாரு வந்து மூடிக்கினு இருப்பா."