சுவரில் ஊமையான இடம்

1936 மார்ச் 3

ரேடியோ பழுது பார்க்கும் என் அண்ணன் பெர்னார்ட், தானே காய்ச்சி வளர்த்த உப்புப் பளிங்கைக் கொண்டுவந்தார். இரண்டு மெல்லிய வில்லைகள், நடுவே ஈயத்தாள், சேர்த்து ஒட்டியது. மின்சாரம் பட்டால் நெளியுமாம். நெளித்தால் மின்சாரம் தருமாம். அதோடு ஒட்டிய மரக்குச்சியைப் பல்லால் கடித்துக்கொண்டேன். பாட்டரிப் பெட்டி வழியாக அதோடு கம்பியால் இணைத்த அதேபோன்ற இன்னொரு வில்லைக்கு முன் நின்று என் கணவர் வில்லியம் பேசினார்.

"சவுந்தரம்."

ஜுரத்தில் எனக்குக் காது போன பிறகு என்னைக் கட்டிக்கொண்டவர். அவர் குரலை இன்றுதான் கேட்கிறேன். இவ்வளவு மெல்லிய குரலா!

மார்ச் 5

அவர் பேச்சுக்கு அடியில் வேறொன்று. யாரோ மூச்சு விடுவதுபோல.

மார்ச் 9

வில்லையைப் படுக்கையறைச் சுவரில் வைத்தேன். மூச்சு அங்கேதான். சுவருக்கு அப்பால் ஐஸ் கம்பெனி எஞ்சின் என்று அண்ணன் சிலேட்டில் எழுதினார். ஓரிடத்தில் முழக்கம், ஒரு முழம் தள்ளினால் ஊமை. கயிற்றை வேகமாக ஆட்டும்போது நடுவில் ஓரிடம் ஆடாமல் நிற்குமே, அதுபோலவாம். ஆடாத இடம் எங்கள் கட்டிலின் தலைமாட்டில். கரியால் குறி போட்டேன்.

மார்ச் 14

குறி போட்ட இடம் இன்று மூச்சு விடுகிறது.

மார்ச் 15

அண்ணன் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்தார். "அது அதே வேகத்துலதான் ஓடுது. மாறுனது செவுருதான். உள்ளுக்குள்ள எங்கயோ விட்டுருக்கு." மெதுவாகச் சொன்னார், நான் உதட்டைப் படிக்கும்படி. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. வில்லியம் சிரித்தார்.

மார்ச் 18

சுருதி இறங்கிவிட்டது. முனகல். குச்சியை எடுத்த பிறகும் பல்லில் இருக்கிறதே — எனக்குத்தான் பைத்தியமா? வேறு வீடு பார்க்கலாம் என்று வில்லியமிடம் கெஞ்சினேன்.

"காது கேக்காதவ பேச்சைக் கேட்டு வீடு மாத்துனா ஊரே சிரிக்கும்லா."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் படித்துவிட்டேனே.

மார்ச் 19

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். வில்லியம் அந்தக் கட்டிலில்தான் படுத்திருப்பார். மாதாவே.

மார்ச் 21

மாலையில் என்னை அழைத்துப்போக வந்தார், கோபமாக. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உதட்டைப் பார்க்காவிட்டால் எனக்கு அவர் பேச்சே இல்லை. முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். அப்போது அவர் பார்வை சட்டென்று வாசலுக்குப் போனது. அண்ணன் எழுந்து ஓடினார். தெருவில் எல்லோரும் எங்கள் வீடு இருக்கும் சூலியா தெருப் பக்கமாக ஓடினார்கள். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. என் முகவாயில் அவர் விரல்கள் குளிர்ந்தது மட்டும் தெரிந்தது.

போய்ப் பார்த்தால், சுவர் முழுசாக எங்கள் கட்டில்மேல் கிடந்தது. தலையணை தெரியவில்லை.

ஏப்ரல் 6

ஊருக்குத் தள்ளி, கெலுகோரில் ஒரு வீடு பார்த்தோம். வில்லியம் தானே பாட்டரிப் பெட்டியைத் தூக்கிவந்தார். தானே வில்லையைச் சுவரில் அழுத்திப் பிடித்து, குச்சியை என்னிடம் நீட்டினார்.

"நல்லா கேட்டுச் சொல்லு. நீ சரின்னாத்தான்."

கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். சுவரில் ஒன்றுமில்லை. அவர் உள்ளங்கையின் துடிப்பு மட்டும் வந்தது, படபடவென்று. உடனே சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.