பாறையில் சாக்கு விரித்தவள்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
நவம்பர்

அன்புத் தங்கை பவதாரணிக்கு,

உமக்கும், காணாமல் போனவர்களுக்காகக் கிளிநொச்சித் தெருவோரப் போராட்டக் கொட்டகையில் இன்னும் குந்தியிருக்கும் எல்லாருக்கும் ஆண்டவர் பெலன் தரட்டும். போனில் பேசலாம்தான், ஆனால் மகள் பக்கத்தில் நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் வீட்டில் ஹீட்டர் சத்தம் மட்டும்தான். ஆறு மாதம் என்று சொல்லி வந்தவள், கிரீன் கார்டும் கிடைத்து இங்கேயே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தமிழ்ச் சபை, வெள்ளைக்காரர் ஆலயத்தைப் பின்னேரத்தில் வாடகைக்கு எடுத்துக் கூடுகிறது. பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு வேதாகமப் பெண்ணைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ரூத்தையும் எஸ்தரையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். நான் ரிஸ்பாளை எடுத்தேன். பாதிப்பேருக்கு அவள் யாரென்றே தெரியவில்லை.

சவுல் ராஜாவின் மறுமனையாட்டி அவள். சவுல் ஒரு குலத்தாரைக் கொன்ற குற்றத்துக்காக, அவருக்குப் பின் ராஜாவான தாவீது அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அந்தக் குலத்தாரிடம் பிடித்துக் கொடுக்க, மலையில் தூக்கிலிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். அவள் பாறையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். அறுவடை தொடங்கி மழை விழும்வரை, பகலில் ஒரு காகத்தைக் கிட்ட விடவில்லை, இரவில் ஒரு நரியை விடவில்லை. கடைசியில் தாவீது ராஜாவே கேள்விப்பட்டு எலும்புகளை அடக்கம் பண்ணினார். இதைச் சொல்லிவிட்டு என் மகன் சுலக்சனைப் பற்றியும் சொன்னேன். சண்டை முடிந்த நாளில் பாலத்தடியில் ஆமியிடம் என் கையாலேயே ஒப்படைத்தேன், பஸ்ஸில் ஏற்றினார்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்று. எல்லாரும் அழுதார்கள். நாகர்கோவில் ஆன்ட்டி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

ஆனால் அவர்கள் விளங்கிக்கொண்டது வேறு. ரிஸ்பாளின் பிள்ளைகள் செத்தவர்கள் அல்லவா? போன ஞாயிறு, மரித்தோரை நினைக்கும் ஆராதனையில் போதகர் சுலக்சனின் பெயரையும் வாசித்தார். மகள்தான் கொடுத்திருக்கிறாள். "எத்தினை வருஷம்தான் இப்பிடி இருக்கப்போறியள் அம்மா? அண்ணா இனியாவது இளைப்பாறட்டும்" என்று காதுக்குள் சொல்லி, மெழுகுதிரியை என் கையில் வைத்தாள். அவளும் அழுதாள், பாவம்.

நான் கொளுத்தவில்லை. எழுந்து நின்று, அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் ஐயா என்று சொன்னேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரிஸ்பாளுக்குக் காவல் காக்க உடலாவது இருந்தது, பவதாரணி. எனக்கு அவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இங்கே அதை நான் தனியாகக் காக்கிறேன்.

அங்கே மாரி தொடங்கியிருக்கும். கொட்டகையில் நான் குந்தின மூலையில் கூரை ஒழுகும். சுலக்சனின் படத்தை உம்முடைய கணவர் படத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வையும். அந்த மெழுகுதிரியை இதோடு அனுப்புகிறேன். கரண்ட் போனால் கொளுத்தும். வெளிச்சத்துக்கு மட்டும், வேறெதற்கும் இல்லை.

உம்முடைய மனுசனும் என்னுடைய பிள்ளையும் ஒன்றாக வந்து உம் வாசலில் நிற்க ஆண்டவர் கிருபை செய்யட்டும். அவன் வரும்போது நான் அங்கே இல்லாவிட்டால், முதலில் சோற்றைப் போட்டுவிட்டு, பிறகு என்னைக் கூப்பிடும்.

என்றும் உம் அக்கா,
ஜெயமலர்