பதினொரு மணிக்குத் திறந்த உறை

மார்ச் 3, திங்கள்

இன்று பதினொரு சுருள்களுக்கு மதிப்பெண் போட்டேன். நடுக்குவாதம் வந்தவர்களிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, நடுவிலிருந்து வெளியே வரும்படி ஒரு சுருள் கோடு போடச் சொல்வோம். கை எவ்வளவு நடுங்குகிறது என்பதைக் கோடே காட்டிக்கொடுத்துவிடும். வழவழவென்று வந்தால் பூஜ்யம். பேனா தாளைக் கிழித்தால் நான்கு. பதினேழு வருடமாக இதுதான் என் பிழைப்பு. யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர், "இவ கோணல் கோட்டைப் பார்த்தே சம்பளம் வாங்கறா" என்பார்.

தையற்காரர் இன்று பூஜ்யம்! போன வருடம் ஜனவரியில் இதே மனிதர் மூன்று. பேனாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

எங்கள் ஆய்வில் அறுபத்திரண்டு பேர். பாதிப் பேருக்குப் புதிய மாத்திரை. மீதிப் பாதிக்கு அதே நிறம், அதே வடிவத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் என் கண் தானாகவே மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைத்துவிடும். பட்டியல் முத்திரை வைத்த உறையில், பூட்டின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. பூட்டு எங்கள் புள்ளியியல்காரர். டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் வாயைத் திறப்பார், அதனால் அந்தப் பெயர்.

நான் யூகிக்கவே கூடாது. ஆனாலும் இங்கே எழுதி வைக்கிறேன்: தையற்காரருக்கு நிஜ மருந்துதான். இன்னும் பத்து மாதத்தில் ஆய்வு முடிந்து உறையைத் திறப்போம். அன்றைக்குத் தெரியும், என் கண் எப்படிப்பட்ட கண் என்று.

மார்ச் 6, வியாழன்

புதிய அரசு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறிவியலுக்கான நிதி எல்லாவற்றையும் "மறுஆய்வு" செய்யப் போகிறார்களாம். எங்கள் ஆய்வை நடத்தும் மேடம் சிரித்தார். "வர்றவங்க எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க. நீ வேலையைப் பாரு."

மார்ச் 11, செவ்வாய்

கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பத்தரைக்குக் கடிதம் வந்தது. மொத்தம் நான்கு வரி. எங்கள் ஆய்வு அரசின் முன்னுரிமைகளுக்குள் வரவில்லையாம். 21-ஆம் தேதி மாலை ஐந்து மணியோடு முடித்துக்கொள்ள வேண்டுமாம். மேடம் அதை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை உட்கார்ந்துகொண்டு படித்தார்.

முடித்துக்கொள்வதா? இன்னும் பத்து மாதம் இருக்கிறதே! பாதியில் இறக்கிய சோற்றை யார் சாப்பிடுவது? இந்த மாத்திரை கேட்கிறதா இல்லையா என்று இப்போது சொல்லவே முடியாது. இருபத்துநாலு மாதம் ஆனால்தான் சொல்ல முடியும் என்றுதானே இருபத்துநாலு மாதம் கேட்டோம்?

மாடியில் காது கேளாமை ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் இதே கடிதம். பக்கத்துக் கட்டடத்து விதை ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே. ஒரு எழுத்து மாறவில்லை. "நோயாளிகளுக்கு உடனடியாகத் தகவல் தெரிவிக்கவும்" என்று விதைக்காரர்களுக்கும் எழுதியிருக்கிறார்கள். விதைக்கா போய்ச் சொல்வது? எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

நாற்பது பேருக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா கேட்டார்: "நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா? ஒரு வேளைகூட விடாம சாப்பிட்டோமே."

மார்ச் 14, வெள்ளி

தம்பி வந்தான். பத்திரிகையில் அறிவியல் செய்தி எழுதுகிறவன். எந்த வால்நட்சத்திரம் எப்போது வரும் என்பதெல்லாம் அவன் வேலை.

"அக்கா, அறுபத்திரண்டு பேர், இருபத்துநாலு மாசம்னு எழுதினா ஒருத்தனும் படிக்க மாட்டான். ஒரு ஆளைக் காட்டு. அதை நான் பாத்துக்கறேன்."

காட்டினேன். மேடமிடம் கேட்டேன், அவரும் சரி என்றார். தையற்காரரிடம் கேட்டேன். அவருக்கோ ஒரே சந்தோஷம். தம்பியோடு வந்த புகைப்படக்காரருக்கு முன்னால் ஊசியை எடுத்தார், நூலை நாக்கில் நனைத்தார், ஒரே தடவையில் கோத்துவிட்டார். "ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி இதை என் சம்சாரம்தான் கோத்துத் தருவா. கடையில பொத்தான் தைக்கறதுக்கே ஆள் வெச்சிருந்தேன்" என்றார்.

தம்பி என் பக்கம் திரும்பி, "இவருக்கு நிஜ மாத்திரைதானே?" என்றான்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் சரியான பதில். பதினேழு வருடமாக அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் கோபம் தலைக்கேறியிருந்தது. "பின்னே?" என்றேன். ஒரே ஒரு வார்த்தை.

மார்ச் 17, திங்கள்

முதல் பக்கம்! ஊசியும் நூலுமாகத் தையற்காரர், அரைப் பக்கத்துக்கு. "கையை நிறுத்திய மாத்திரை, மாத்திரையை நிறுத்திய அரசு." தம்பி கெட்டிக்காரன்தான். பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அதைப் பக்கத்து சீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினார். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு முழுவதையும் கேட்டேன்.

மார்ச் 19, புதன்

சபையில் ஒரே கூச்சல். துறை அமைச்சருக்கு எதிராக மூன்று ஊர்களில் ஊர்வலம். எல்லோர் கையிலும் ஒரு ஊசி.

மார்ச் 21, வெள்ளி

என்ன செய்தேன் நான்? என்ன செய்துவிட்டேன்?

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு மேடம் முடிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் உறையைத் திறக்க வேண்டும் என்பது விதி. ஊர்வலம் எல்லாம் நடந்ததே தவிர அமைச்சகத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. காலையிலிருந்து பெட்டிகளில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. "பூட்டு, எப்படியும் ஐஞ்சு மணிக்குத் திறக்கப் போறோம். இப்பவே திறந்தா என்ன? அவரோட வரியை மட்டும் காட்டுங்க" என்று நச்சரித்தேன். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் பெட்டியைப் பார்த்தபடி, "திறந்து தொலைங்க. இனிமே என்ன இருக்கு" என்றார்.

அப்போது மணி பதினொன்று.

தையற்காரர், எண் 37. விரலை வைத்துக்கொண்டே வரியின் கடைசிக்குப் போனேன். மாவு.

மறுபடி பார்த்தேன். வேறு வரியைப் பார்த்துவிட்டேனோ என்று அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மாவு. பதினான்கு மாதமாக மாவு. பேயறைந்த மாதிரி நின்றேன். அந்தக் கோடு எப்படி வந்தது? அந்த ஊசி? மூன்றிலிருந்து பூஜ்யம் வரை படிப்படியாக நான்தானே மதிப்பெண் போட்டேன்? வாரம் தவறாமல் வந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். மாவா?

நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அப்போது அதுதான் பெரிய அதிர்ச்சி என்று நினைத்தேன்.

இரண்டரைக்கு போன் வந்தது. அமைச்சகத்திலிருந்து. எல்லோருக்கும் அனுப்பிய நிறுத்தும் உத்தரவு ரத்து. "மக்களின் உணர்வுக்கு மதிப்பளித்து" நிதி தொடருமாம். ஆய்வை ஒரு நாள்கூட விடாமல் நடத்தலாமாம்.

மேடம் போனை வைத்தார். மூவரும் மேசையைப் பார்த்தோம். மேசையில் கிழித்த உறை.

மூன்றரை மணி நேரம். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு பெட்டி கட்டியிருந்தால்—

மார்ச் 22, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை நான்கு தடவை மடித்தார்.

மார்ச் 24, திங்கள்

மேடத்தின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம்.

மேடம் கெட்டவர் இல்லை. அதை முதலில் எழுதிவிட வேண்டும். இந்த மாத்திரைக்காக இருபது வருடம் கொடுத்தவர். அவர் சொன்னார்: "இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். உறையைத் திரும்ப ஒட்டி வெச்சிடலாம். நீ ஒரு வரிதானே பாத்த? மீதி அறுபத்தோரு பேர் என்ன பாவம் பண்ணினாங்க?"

நியாயமான கேள்வி. எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. ஒட்டிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

பூட்டு வாயைத் திறந்தார். "அடுத்த வாரம் அவர் சுருள் போடுவாரு. இவங்க என்ன மார்க் போடுவாங்க?"

என்ன போடுவேன்? உண்மையிலேயே தெரியவில்லை. இனி அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குக் கோடு தெரியாது, மாவுதான் தெரியும். அதுவும் போக, அமைச்சர் வியாழக்கிழமை தையற்காரரின் கடைக்கே வந்து கேமராவுக்கு முன்னால் கை குலுக்கப் போகிறாராம். மருந்து ஜெயித்தது என்று நாடே நம்பும். பிறகு எத்தனை ஆயிரம் பேர் அந்த மாத்திரையை வாங்கி விழுங்குவார்கள்? என்னுடைய ஒரு "பின்னே?"வை நம்பி?

மார்ச் 25, செவ்வாய்

தையற்காரரின் கடைக்குப் போனேன். முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். ஒரு சட்டைக் கையை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நேராகப் போனது.

சொன்னேன்.

"அப்ப இத்தனை மாசமா நான் சாப்பிட்டது?"

"மாவு, அண்ணே. கொஞ்சம் சர்க்கரை."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல. பிறகு கேட்டார்: "இதை வெளியில சொல்லலைன்னா ஆராய்ச்சி நடக்குமா?"

"நடக்கும்."

"எல்லாருக்கும் மாத்திரை வருமா?"

"வரும்."

"பின்ன எதுக்கும்மா சொல்றீங்க?"

அந்த ஆயிரம் பேரைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே புத்தகத்திலிருந்து ஒப்பிப்பது போல் எனக்கே கேட்டது. அவர் சாக்குக்கட்டியை எடுத்தார். "போயிட்டு வாங்க டாக்டரம்மா. வேலை கிடக்கு."

நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

தம்பி கத்தினான். "அக்கா, என் வேலைக்கே உலை வெக்கற, தெரியுதா? ஆசிரியர் என்னை உரிச்சிடுவாரு." அரை மணி நேரம் கத்திவிட்டு, "சரி, சொல்லு. எழுதிக்கறேன்" என்றான். என் பெயரில்தான் போட வேண்டும் என்றேன். அழுதுவிட்டேன். அவனும் மூக்கை உறிஞ்சினான்.

மார்ச் 27, வியாழன்

மறுப்பு முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. அமைச்சர் கடைக்குப் போகவில்லை. மதியத்துக்குள் இரண்டாவது உத்தரவு வந்தது. நிதி நிரந்தரமாக ரத்து. கடிதத்தில் "மோசடி" என்ற சொல் இருக்கிறது. ஊசி பிடித்து ஊர்வலம் போனவர்கள் இன்று எங்களைத் திட்டுகிறார்கள். மாடியில் இருக்கும் காது ஆராய்ச்சிக்காரர்களுக்கும் கதவு அடைத்தாயிற்று. படிக்கட்டில் அவர்களில் ஒருவர் எதிரே வந்தார். நான் ஒதுங்கி நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

மேடம் தன் அறைக் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

பூட்டு கணக்கை முடித்துவிட்டார். மாத்திரை சாப்பிட்டவர்கள் மாவு சாப்பிட்டவர்களைவிடக் கொஞ்சம் தேவலாம். அது மருந்தாலா, தற்செயலா? இன்னும் பத்து மாதம் போயிருந்தால் தெரிந்திருக்கும். அறிக்கையின் கடைசி வரி: "முடிவு கூற இயலாது." இருபது வருடத்துக்கு அவ்வளவுதான்.

மாவு சாப்பிட்டவர்களில் ஒன்பது பேருக்கு நடுக்கம் நன்றாகவே குறைந்திருக்கிறது. பூட்டு அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

தையற்காரரின் மனைவி போன் செய்தார். "ஒரு வாரமா மறுபடி நடுங்குதும்மா. நேத்து கத்தரி நழுவி துணி போச்சு. பேசவே மாட்டேங்கறார்."

நான்தான் செய்தேன். வாயால் சொல்லியே செய்தேன். உண்மையைச் சொன்னால் ஒரு மனிதனின் கை போகும் என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்த வகுப்பில்? சொல்லாமல் இருந்திருக்கலாமோ? அவரிடம் மட்டுமாவது? பத்திரிகையில் வந்தால் அவர் படிக்காமலா இருப்பார்! எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பாத்திரம் தேய்த்தபடியே அரை மணி நேரம் அழுதேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அறையைக் காலி செய்யும் வேலை இன்று முடிந்தது. நிஜ மாத்திரைகளை எண்ணி, எரிக்க அனுப்பியாயிற்று. மாவை யாரும் கேட்கவில்லை.

பதினொன்றரைக்குத் தையற்காரர் வந்தார். நாற்காலிகள் எல்லாம் போய்விட்டதால் இருவரும் நின்றுகொண்டே பேசினோம். வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். பையே நடுங்கியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"அந்த மாத்திரை இன்னும் இருக்கா?"

"நிஜ மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, அண்ணே."

"அது எதுக்கு? நான் சாப்பிட்டது இருக்கான்னு கேக்கறேன்."

"அண்ணே, அது மாவு. உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும்மா. எனக்கு ஒத்துக்கிட்டது அதுதானே."

பூட்டு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மூலையில் ஒரு டப்பா கிடந்தது. அறுபது மாத்திரையை எண்ணிக் காகிதப் பையில் போட்டேன். இனி எதையும் மறைப்பதாக இல்லை. பையின் மேல் பெரிய எழுத்தில், "மாவும் சர்க்கரையும் மட்டும். இதில் மருந்து எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன். அவர் அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார்.

படித்து முடித்து, பையை இரண்டாக மடித்து, இடது கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால, அண்ணே. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றேன்.