பல்பொடி போட்ட வெள்ளிக்காசுகள்

மார்ச் 3
எக்ஸ்ரே அறையில் இன்று அறுபத்திரண்டு பேர். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்தால், காலையில் விட்டுப்போன அதே நாற்காலியில் அக்கா. அத்தான் இறந்துபோய் நாலு மாதம். என்னோடு இருக்கட்டும் என்று கூட்டிவந்தேன். எது கேட்டாலும் ம், ம்ஹூம், அவ்வளவுதான். இன்று என் பொறுமை போய்விட்டது. "சுவரையே பார்த்துட்டு இருக்கிறதுக்கு ஏதாவது வேலையாவது செய்யலாமில்ல" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 4
துறைமுக நூற்றாண்டு ப்ரூஃப் செட் வந்தது, சேகரிப்பாளர்களுக்கென்றே மெருகேற்றி அச்சடிப்பது. நாலு வெள்ளிக்காசு, கண்ணாடி மாதிரி. விரல் பட்டால் தடம் விழும், கையுறை போட்டுத்தான் எடுத்தேன். என் முகமே தெரிகிறது, கருவளையம் சகிதம். இது பத்தொன்பதாவது செட். பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிஷம் அலுப்பு தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பைத்தியம்.

மார்ச் 7
அக்கா எல்லாவற்றையும் தேய்த்துவிட்டாள்.

பிளாஸ்டிக் கூடுகளை உடைத்து, பல்பொடி போட்டு, பழைய துணியால். பத்தொன்பது செட்டையும். மேசையில் துண்டு விரித்து வரிசையாகக் காயவைத்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் மயிரிழைக் கீறல்கள். இனி எந்தச் சேகரிப்பாளரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"நீதானே ஏதாவது செய்யச் சொன்னே," என்றாள். "பளபளன்னு இருக்கா?"

நாலு மாதத்தில் அவள் முழுசாகப் பேசியது இதுதான்.

"இருக்குக்கா" என்றேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதுக்கு அழறேன் — காசுக்கா, அவளுக்கா? தெரியலை. போதும்டா சாமி.

மார்ச் 10
மறுபடி நாற்காலி. தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை.

மார்ச் 13
அடுத்த செட்டுக்குப் பெயர் எழுதிக்கொள்ளட்டுமா என்று காசு வியாபாரி கேட்டார். வேண்டாம் என்றேன். புழங்கின வெள்ளிக்காசு, நன்றாகக் கறுத்துப்போனதாக இருந்தால் கொடுங்கள் என்றேன்.

"உங்களுக்கு என்னம்மா ஆச்சு? கை படாத காசாப் பார்த்துப் பார்த்து வாங்குறவங்களாச்சே."

அசடு வழிந்தேன். ஒரு பை நிறையக் கொடுத்தார்.

மார்ச் 14
அக்கா பையை மேசையில் கவிழ்த்தாள். ஒன்றை எடுத்துச் சுரண்டினாள், முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"இதையெல்லாம் போய் எவன்கிட்ட வாங்கினே? கரி மாதிரி இருக்கு. உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான். நாளைக்கு நானும் வரேன். அவனை நாலு கேள்வி கேட்கணும்."

திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். மனசு நிறைந்துபோயிற்று.

நாளைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். வியாபாரிக்கும் போன் செய்து சொல்லியாயிற்று — அக்கா என்ன திட்டினாலும் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று.