பாரிஸ் சேலையும் லண்டன் சேலையும்

ரோலா, சார்ஜா
நவம்பர் 3

பாரிஸில் இருக்கும் என் அன்பு அண்ணாவுக்கும், லண்டனில் இருக்கும் என் அன்பு அக்காவுக்கும்,

தங்கை சிவகொழுந்து எழுதிக்கொள்வது. நானும் இவரும் மகள் துஷானியும் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும், முக்கியமாக இரத்த அழுத்தத்துக்கும், பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே ஏசத் தொடங்குவீர்கள். கடிதம் என்றால் முடியும்வரை கேட்கத்தானே வேண்டும். ஒரே கடிதம், இரண்டு பிரதி. இரண்டையும் ஒரே தபால் கந்தோரில் ஒரே நேரத்தில் போடுகிறோம், இவர் சாட்சி.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். துஷானியின் சாதகக் குறிப்பை உங்கள் இருவருக்கும் அனுப்பினேன். அண்ணா பார்த்த பாரிஸ் மாப்பிள்ளைக்கும் பொருந்தியது, அக்கா பார்த்த லண்டன் மாப்பிள்ளைக்கும் பொருந்தியது. அண்ணா உடனே மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை அனுப்பினீர்கள். அடுத்த கிழமையே அக்காவின் அரக்குச் சேலை வந்தது. சேலையை வாங்கி வைத்தால் சம்மதம் என்றுதான் நம் ஆட்கள் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உங்கள் இருவருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் அலுமாரியில் வைத்துவிட்டு, பார்ப்போம் பார்ப்போம் என்று நாலு மாதம் ஓட்டினேன். பாரிஸுக்குக் கொடுத்தால் அக்கா கலியாணத்துக்கு வரமாட்டா. லண்டனுக்குக் கொடுத்தால் அண்ணா வரமாட்டார். அதையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டீர்கள்.

போன மாதம் துஷானி அலுமாரியைத் திறந்துவிட்டாள். நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நின்றால், பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இங்கே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறாள் அல்லவா, அந்தக் கிழமை வட அமெரிக்கப் பாடமாம். முன்னூறு வருடத்துக்கு முன் அங்கே பிரெஞ்சுக்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் ஓயாத போட்டி. இரண்டு பேருக்கும் அந்த மண்ணின் மக்களுடைய உறவு வேண்டும். பித்தளைக் கேத்தலும் கம்பளியும் கொடுத்துக் கொடுத்துத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். அந்த மக்களில் இரோக்வா என்ற ஐந்து தேசத்தார், 1701ஆம் ஆண்டு ஒரே கோடையில் இரண்டு பக்கமும் சமாதானம் செய்துகொண்டு, உங்கள் சண்டையில் நாங்கள் இல்லை என்று நடுவில் இருந்துவிட்டார்களாம். வெறும் வாய்ச்சொல் அவர்களிடம் செல்லாது, சிப்பி மணி கோத்த பட்டியையும் கையில் கொடுக்க வேண்டும். அந்த ஆக்களுக்குச் சிப்பிப்பட்டி, உங்களுக்குச் சேலை, ரெண்டு பக்கமும் வாங்கி வைச்சிட்டியளே அம்மா என்று சிரித்தாள்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். அறுபது வருடத்தில் பிரெஞ்சுக்காரன் தோற்றுப் போனான், போட்டிக்கு ஆளில்லை என்றதும் இங்கிலீஷ்காரத் தளபதி பரிசுகளைக் குறைத்துவிட்டான், அந்த மக்களின் நிலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது என்றாள். அக்கா கோபிக்க வேண்டாம், இது சரித்திரம். ஆனால் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும். ஒருவரை இழந்து மற்றவரை வைத்திருக்க என்னால் முடியாது.

அப்போதுதான் அவள் தன் மனதில் இருந்ததைச் சொன்னாள். அவளுக்குப் பாரிஸும் வேண்டாம், லண்டனும் வேண்டாம், சஜீவன் போதுமாம். அல் ஐனில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. நம் ஊர்ப் பக்கம் இல்லை, மலையகத்துப் பிள்ளை, நோர்வூட் பக்கம். அப்பா இல்லை. அம்மா இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருக்கிறா.

இந்த இடத்தில் கடிதத்தை மேசையில் வைத்திருப்பீர்கள். தயவுசெய்து திரும்ப எடுங்கள். நானும் இரண்டு நாள் அடுப்பு மூட்டாதவள்தான்.

அடுத்த சனிக்கிழமை சஜீவன் பஸ் பிடித்து வந்தான். அக்கா அனுப்பிய தேயிலையில்தான் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டின்னைத் திருப்பிப் பார்த்து, இது எங்க மலைத் தேயிலை ஆன்ட்டி, கப்பல் ஏறி லண்டன் போயி, பிளேன் ஏறி நம்மகிட்டயே வந்துருச்சு என்று சிரித்தான். அவன் அம்மாவைப் போன்றவர்கள் பறித்ததை நாம் மூவரும் பிறந்த நாள் முதல் குடிக்கிறோம். அவர்களில் ஒருவரைக்கூட வீட்டுக்குள் இருத்தி ஒரு கோப்பை கொடுத்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவர் எழும்பிப் போய் அண்ணா அனுப்பிய பாரிஸ் பிஸ்கட்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். அதோடு எங்கள் வீட்டில் கலியாணம் முடிவாகிவிட்டது!

தை மாதம், இங்கேயே ஒரு மண்டபத்தில். பாரிஸ் சேலை தாலிக்குப் பொன்னுருக்கும் நாளுக்கு, லண்டன் சேலை பதிவு எழுத்து நாளுக்கு. துஷானி இப்போதே கட்டிக் கட்டிப் பார்க்கிறாள். வீடு முழுக்கச் சிரிப்பாக இருக்கிறது.

ஒரே ஒரு குறை. கூறைச்சேலைத் தட்டத்தை மாப்பிள்ளை வீட்டார்தான் ஏந்தி வர வேண்டும். அவன் பக்கம் தாய் ஒருத்திதான் வருகிறா. சபை பார்க்கத் தட்டம் ஏந்தி அவனுக்கு முன்னால் நடந்து வர ஒரு மூத்தவர் இல்லை. உங்களில் ஒருவர் அன்றைக்கு அவன் பக்கத்துச் சொந்தமாக, அவன் ஆளாக நின்று, அந்தத் தட்டத்தை ஏந்தி வர வேண்டும். இரண்டு கையாலும் கும்பிட்டுக் கேட்கிறேன்.

யார் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் ஓம், வருகிறேன் என்பவருக்கே அந்த இடம். இந்த வரியை மற்றவரும் இப்போது வாசித்துக்கொண்டிருப்பார்.

பிள்ளைகள் இருவரையும் மனம் நிறைய வாழ்த்துங்கள்.

உங்கள் இருவர்மீதும் ஒரே அளவு அன்புள்ள தங்கை,
சிவகொழுந்து இரத்தினசிங்கம்