த்ராட்டில் குற்றமற்றது

வியாழன், இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

பிரேசர் டவுன் எஸ்தர் ஆன்ட்டியின் கார் ஒரு வாரமாக வேகத்தடை ஏறினாலே முடங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் நகராது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும், என்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டிலை மாற்றச் சொன்னார்கள். ஸ்கேனரில் பார்த்தால், காரின் கணினிகளுக்குள் தொடர்பே அறுந்துபோகிறது. கோளாறு ஒயரில் என்றேன்.

ஃபோர்மேன் மஞ்சண்ணா சிரித்தார். "சாயந்திரம் வரைக்கும் டைம் தர்றேன்மா. கிடைக்கலைன்னா நாளைக்கு நீ மறுபடி ரிசப்ஷன்தான்."

நான்கு மணிக்கு முன்பக்க பம்பரைக் கழற்றினேன். உள்ளே ஒரு கட்டுக்கம்பி. அதன் முனை, தகவல் போகும் மெல்லிய ஒயர்களின் தோலைக் கிழித்திருந்தது. வண்டி குலுங்கினால் உள்ளிருக்கும் செம்பில் பட்டு, தொடர்பு அறுந்துவிடும். கம்பியில் காய்ந்த வாழைநார்.

ஆயுத பூஜையன்று சர்வீஸுக்கு நின்ற அந்தக் காரில் வாழைக்கன்று கட்டியது நான்.

கம்பியைப் பையில் போட்டு மறைத்திருக்கலாம். சொல்லிவிட்டேன். மஞ்சண்ணா டயர் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

ஒயரைச் சரிசெய்து, ஆன்ட்டியோடு ஏழு வேகத்தடை ஏறி இறங்கினேன். கார் ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

"சர்ச்சுக்குப் போற கார்ல உன்னை யாருடி வாழை கட்டச் சொன்னது?"

"சாரி ஆன்ட்டி."

"பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வருஷம் கயித்துல கட்டு."

திரும்பி வந்ததும், மஞ்சண்ணா நாளைய முதல் வண்டியின் சாவியை என்னிடம் நீட்டினார்.

"இதுல நீ ஒண்ணும் கட்டலையே?"