இடது ஓரம்

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. இனிமேல் கேமராவை வலது கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை, இடது கண்ணில்தான். வாக்கெடுப்பில் நான் ஒருவனே கலந்துகொண்டேன்.

பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு மணியடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்காகத்தான் அந்தப் பழைய பிலிம் கேமராவை வாங்கினேன், உனக்குத் தெரியும். போன்லயே ஆயிரம் எடுக்கலாமேப்பா, இதுல அப்படி என்ன இருக்கு என்று கேட்டாய். ஒரு ரோலில் முப்பத்தாறு படம், அது ஒரு மாதத்துக்கு வரும், ஒன்றை எடுக்க அரைமணி நேரம் யோசிக்கலாம், கழுவி வரும்வரை எப்படி வந்திருக்குமோ என்று கவலைப்படலாம். இவ்வளவு நிம்மதியான கவலை எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. முதல் ரோலில் அம்மாவை கேட் பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். படம் வந்தால் அவளுக்கு இடப்பக்கம் எதிர்வீட்டு டீச்சர் துணி வாளியோடு நிற்கிறார். அவங்களை எதுக்குங்க கூப்பிட்டீங்க, நான் ஒருத்தி நின்னா போதாதா என்று அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நான் கூப்பிடவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. அடுத்த ரோலில் இடது ஓரத்தில் ஒரு நாய், ஒரு சைக்கிள், தும்மத் தயாராகும் ஒரு பெரியவர். எதுவும் நான் பார்த்து எடுத்ததல்ல. பிலிம் கழுவித் தருகிற ஸ்டூடியோக்காரர், சார் எப்பவும் லெஃப்ட்ல யாரையாவது கொண்டுவந்து நிறுத்திடுறீங்களே, இது உங்க ஸ்டைலா என்றார். ஆமாம் என்றேன். ஒரு மாதம் கலைஞனாக நடமாடினேன்.

நேற்று மாலை மூன்றாவது ரோல் வந்தது. அதில் ஒன்று டிரைவர் சீட்டிலிருந்து கண்ணாடி வழியாகப் பள்ளிக்கூட கேட்டை எடுத்தது. இடது மூலையில், வேனின் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு சின்னப் பெண் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தை எடுத்து கேமராவை மடியில் வைத்துவிட்டு நான் வண்டியைக் கிளப்பினேன். அவள் எப்போது எழுந்து போனாள் என்று எனக்குத் தெரியாது. அவள் அங்கே இருந்ததே எனக்கு நேற்றுத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு சுவரிலிருக்கும் மாதக் காலண்டரைப் பார்த்தேன். வலது கண்ணுக்கு ஞாயிறு திங்கள் இல்லை. இடது கண்ணுக்கு ஏழு நாளும் இருக்கிறது, ஆனால் சனிக்கிழமை கொஞ்சம் மங்கல். மூன்று தடவை பார்த்தேன், பிறகு காலண்டரையே திருப்பி மாட்டிவிட்டேன். போனில் எடுத்திருந்தால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்து எடுத்திருப்பேன், இந்தக் குறை தெரியாமலே போயிருக்கும். அதை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான், கண் அல்ல.

நாளை பத்து மணிக்குக் கண் டாக்டர். அவர் என்ன சொல்வாரோ என்பதைவிட, இதுவரை எத்தனை நாள் இப்படி ஓட்டினீங்க என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயம். என் அப்பா கடைசிக் காலத்தில் கதவில் இடித்துக்கொண்டு கதவைத் திட்டுவார். கோபக்காரர் என்றே நினைத்திருந்தோம். நீயும் இந்த வாரமே கண்ணைக் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. அம்மாவிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன், தைலத்தோடு பின்னாலேயே வருகிறாள். போனில் பேசும்போது நீயும் முதுகை மட்டும் விசாரி. இப்போது கேமராவில் இருக்கும் ரோலில் இன்னும் பதினொரு படம் மிச்சம், நீ வரும்போது எடுக்க வைத்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து, நீ நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இன்று காலை வேனை உன் மாமா ஓட்டினார். பன்னிரண்டு பிள்ளைகளும் மணியடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.